மரபு நெல்: காவிரிக் கரையிலும் யாழ்ப்பாணத்திலும்

திருவல்லிக்கேணியில் இன்று மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் கருப்புக் கவுனியும் கேட்டால் கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்தில் அதே ஆவலோடு மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் தேடுகிறார்கள். பெரும்பாலோர் கைவிட்ட இந்த நெல்லை விடாமல் பயிரிடும் சிறு விவசாயியின் ஆண்டு இரு நாடுகளிலும் எப்படிப் போகிறது?

காவிரி டெல்டா ஆற்றுப் பாசன நிலம். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஏறக்குறைய 160 நாள். ஆவணியில் நாற்றுவிட்டு, புரட்டாசியில் நட்டால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையை அதன் உயரமான தாள் தாங்கி நிற்கும். தை, மாசியில் அறுவடை. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை, மழையை நம்பிய காலபோகம் என்னும் மாரிக்காலச் சாகுபடி மட்டுமே. நாற்றங்கால் இல்லாமல் புழுதியிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். அறுவடைக்குப்பின் வயலில் மிஞ்சும் ஈரத்தை இரு கரையினரும் வீணாக்குவதில்லை. டெல்டாவில் உளுந்தும் பயறும், யாழ்ப்பாணத்தில் பயறும் எள்ளும் வளரும்.

இந்த நெல் ஒதுங்கிய காரணமும் ஒன்றுதான். இலங்கையில் 1950களின் இறுதியில் எச்-4 என்ற புதிய நெல் ரகம் வந்தது. 1966-இல் வெளியான ஐ.ஆர்.8 இந்தியாவுக்கும் வந்தது. உரம் போடப் போட விளைச்சல் தரும் ரகங்களே பின்னர் வயல்களை நிறைத்தன. நெடிய மரபு நெல்லுக்கு யூரியா அதிகமானால் பயிர் சாய்ந்துவிடும். அதன் விளைச்சல் குறைவு; ஆனால் செலவும் குறைவு, மாட்டுக்கு வைக்கோலும் மிகுதி.

மீட்பில்தான் வழிகள் பிரிந்தன. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு 4 கிலோ திருப்பித் தர வேண்டும். 2018-இல் அவர் மறைந்தபோது 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் மீண்டிருந்தன. இலங்கையில் கன்னொருவையில் 1988-இல் அமைந்த மரபணு வள நிலையம் விதைகளைக் காத்து வருகிறது. அது அரிய பணி. ஆனால் 2021-இல் அரசு இயற்கை விவசாயத்துக்கு மாறுவதாகச் சொல்லி இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடுத்தது. உரத்துக்கென்றே உருவான ரகங்கள் வயலில் நிற்க, உரம் மட்டும் இல்லை. நவம்பரில் தடை தளர்ந்தும் அந்தக் காலபோக விளைச்சல் பெரிதும் சரிந்தது.

விதையும் மண்ணும் மாறப் பல போகங்கள் வேண்டும். அதுவரை விவசாயியைத் தாங்குவது அரசாணை அல்ல, நிலையாக வாங்குபவர்கள். 1904-இலேயே நுகர்வோர் ஒன்றுகூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கிய ஊர் திருவல்லிக்கேணி. இன்று நாம் செய்ய வேண்டியது எளிது. மாத அரிசியில் ஒரு பங்கையாவது மரபு அரிசியாக வாங்குங்கள். முதல் நாள் இரவே ஊறவைத்துக் கஞ்சியிலோ புட்டிலோ தொடங்குங்கள். ஒரு மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த போகத்துக்கு விதைக்கலாமா என்று விவசாயி முடிவுசெய்வது நீங்கள் தொடர்ந்து வாங்குவதை வைத்துத்தான்.