இரைச்சல் என்று யார் சொன்னது?

ஹெவி மெட்டல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டப் போவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். முடியை விரித்துப் போட்டு ஆடுகிற வெள்ளைக்காரப் பையன்கள், மண்டை ஓடு போட்ட கறுப்பு பனியன், உங்கள் மகன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிற ஏதோ ஒரு உறுமல். இவ்வளவுதானே மனசில் ஓடுகிறது? 'இதெல்லாம் ஒரு பாட்டா, வெறும் இரைச்சல்' என்று ஐம்பது வருஷத்துக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இந்த வாரம் அந்தத் தீர்ப்பின் மேல் ஒரு அப்பீல். சாட்சிக்குச் சில புது ஆல்பங்கள்.

முதலில் வைத்திக்குப்பம் போய்விட்டு வரலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலை முடிந்து, குருசுக்குப்பம் தாண்டி வடக்கே போனால் வருகிற மீனவர் பகுதி. மாசி மகத்தன்று ஒரு தடவை அங்கே போய் நின்று பாருங்கள். மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று எங்கெங்கிருந்தோ சாமிகள் கடலாட வந்து வரிசையாக நிற்கும். ஒரு சாமிக்கு நாதஸ்வரம், தவில். அடுத்த சாமிக்குப் பம்பை, உடுக்கை. நடுவே ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு, வேட்டு, இதற்கெல்லாம் மேலே அலை. அந்தச் சத்தத்தில் காது மட்டுமா கேட்கிறது? நெஞ்சுக்கூடு கேட்கிறது. யாராவது 'இரைச்சல்' என்று முகம் சுளித்து வீட்டுக்குப் போகிறார்களா? கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆக, நமக்குச் சத்தம் பிரச்னையே இல்லை. யார் போடுகிற சத்தம் என்பதுதான் பிரச்னை. பறையைச் சபாவுக்கு வெளியே நிறுத்திவைத்த காது, கிடாரையும் அங்கேயே நிறுத்துகிறது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளைப் படித்துப் பாருங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று போட்டிருக்கிறது. எந்த வாத்தியம் என்று போடவில்லை. சட்டத்துக்கு டெசிபல் தெரியும், ஜாதி தெரியாது. அதெல்லாம் நமக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம். மெட்டல் கிடாரில் 'பவர் கார்ட்' என்று ஒன்று வாசிப்பார்கள். அந்தப் பயங்கரமான உறுமலுக்கெல்லாம் அதுதான் அஸ்திவாரம். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஷட்ஜமமும் பஞ்சமமும்தான். ச, ப, மேல் ச. நம் தம்புரா நாள் முழுக்க மீட்டுவதும் அதையேதான். ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் திணறவிட்டால் ஒலி அலையின் தலை நசுங்கி, ஒரு ஸ்வரத்தோடு பத்து ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும். அதற்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். மூன்று நான்கு ஸ்வரங்களை அதில் விட்டால் கஞ்சியாகிவிடும். ச-ப மட்டும் தாங்கும். தம்புராவுக்குக் கோபம் வந்தால் அது மெட்டல். அவ்வளவுதான்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் பர்மிங்காம். டோனி அயோமி என்கிற 17 வயதுப் பையன் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வேலையை விட்டு நிற்கிற கடைசி நாள், இயந்திரத்தில் வலது கை மாட்டி இரண்டு விரல் நுனிகள் போயின. அவன் இடக்கைப் பழக்கக்காரன். கிடார் நரம்பை அழுத்த வேண்டியதே அந்த விரல்கள்தான். பையன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டான். நம் தவில் வித்வான்கள் விரல்களில் கூடு மாட்டிக்கொள்கிறார்களே, கிட்டத்தட்ட அப்படி. பிற்பாடு வலி குறைய நரம்புகளைத் தளர்த்தினான். சுருதி கீழே இறங்கியது. அவனுடைய 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13-ல் வந்தது. பாடிய ஆஸி ஆஸ்போர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். 2025 ஜூலை 5-ல் அதே பர்மிங்காமில், எழுந்து நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடைசிக் கச்சேரி பாடினார். 17 நாள் கழித்து, ஜூலை 22-ல் போய்ச் சேர்ந்தார்.

மில் சங்கு கேட்டு வளர்ந்த புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியும். 1936 ஜூலை 30-ல் சவானா மில்லில் 12 தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. ரோடியர் மில் என்று நாம் சொன்ன ஏ.எஃப்.டி. 2020-ல் மூடப்பட்டது. பர்மிங்காம் தன் பட்டறைச் சத்தத்தை இசையாக்கி உலகத்துக்கு விற்றது. நம் தறிச் சத்தம் தறியோடு போயிற்று. எனக்கு அது ஒரு குறைதான்.

சரி, ஆல்பங்களுக்கு வருகிறேன். எது நல்ல மெட்டல், எது வெறும் கூச்சல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு எனக்கு அளவுகோல் கிடைத்தது வைத்திக்குப்பத்தில்தான். ஒரு சாயங்காலம் கரையில் உட்கார்ந்து 'கொஜீரா' என்கிற பிரெஞ்சுக் குழுவின் 'ஃப்ளையிங் வேல்ஸ்' பாட்டைப் போனில் போட்டிருந்தேன். பக்கத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பினார்.

"இன்னா தம்பி, போட்டு மோட்டாரா?"

"இல்லண்ணே, பாட்டு. திமிங்கலத்தப் பத்தி."

வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அந்தப் பாட்டு 2005-ல் வந்த 'ஃப்ரம் மார்ஸ் டு சிரியஸ்' ஆல்பத்தில் இருப்பது. ஆரம்பத்தில் திமிங்கலங்களின் குரல், மெதுவான கிடார், நீண்ட அமைதி. அப்புறம்தான் இடி. முடிந்ததும் பெரியவர் சொன்னார்: "அடி சரியா வுழுது. ஆனா ஏன் இம்மாங் கோவம்?"

இதைவிட நல்ல விமர்சனக் கேள்வி எனக்குத் தெரியாது. தாளம் சுத்தமா? கோபத்துக்குக் காரணம் உண்டா? இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பார்ப்போம். அடியேன் பி.காம். ஆகவே வரவும் எழுதுவேன், பற்றும் எழுதுவேன்.

கொஜீரா. புதுச்சேரிக்காரர்கள் இவர்களை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். 2024 ஜூலை 26, பாரீஸ் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழா. மரி அந்துவானெத்தைச் சிறை வைத்திருந்த கட்டடத்தின் சுவரில் நின்றுகொண்டு, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துத் தெருப் பாட்டு ஒன்றை மெட்டலாக்கி வாசித்தார்களே, அவர்கள்தான். கூடவே ஓபரா பாடகி மரீனா வியோத்தி. ஜன்னல்களில் தலையில்லாத ராணிகள். ஒலிம்பிக் தொடக்க விழாவில் மெட்டல் குழு வாசித்தது அதுதான் முதல் தடவை. 2025 பிப்ரவரியில் அந்தப் பாட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது. வருஷா வருஷம் ஜூலை 14 கொண்டாடுகிற ஊர்க்காரர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. அது பசித்தவர்கள் தெருவில் பாடிய பாட்டு. நாகரிகமான வாத்திய கோஷ்டி வாசித்தால் பல் பிடுங்கின பாம்பு மாதிரி இருக்கும். மெட்டலில்தான் அதற்குப் பல் திரும்ப முளைத்தது.

இவர்களை ஆல்பமாகக் கேட்க 2021-ல் வந்த 'ஃபோர்டிட்யூட்' எடுங்கள். 'அமேசோனியா' பாட்டு மோர்சிங் போன்ற சத்தத்தோடு தொடங்கி, எரிகிற காட்டுக்காக உறுமுகிறது. வரவு: கோபத்துக்கு முகவரி இருக்கிறது. வந்த பணமும் அமேசான் பழங்குடிகளின் அமைப்புக்குப் போனது. பற்று: ஆல்பத்தின் பிற்பாதி கொஞ்சம் தூங்குகிறது.

ஜூடாஸ் ப்ரீஸ்ட், 'இன்வின்சிபிள் ஷீல்டு', 2024. இவர்களும் பர்மிங்காம் பக்கத்து ஆட்கள்தான். முதல் ஆல்பம் 1974-ல். ஐம்பது வருஷம் கழித்து இது 19-வது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது 72 வயது. கிடார் கலைஞர் க்ளென் டிப்டனுக்குப் பார்கின்சன் நோய் என்று 2018-லேயே அறிவித்துவிட்டார்கள். அப்படியும் இந்த ஆல்பத்தில் அவர் பங்கு இருக்கிறது. முதல் பாட்டு 'பேனிக் அட்டாக்'கைப் போட்டுப் பாருங்கள். தாத்தாக்கள் ஓடுகிற ஓட்டத்துக்குப் பேரன்களுக்கு மூச்சு வாங்கும். வரவு: மெலடி. மெட்டலே கேட்காதவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். ஹால்ஃபோர்டு உறுமுகிறவர் இல்லை, உச்சஸ்தாயியில் பாடுகிறவர். பற்று: புதுசாக எதுவும் இல்லை. அதனாலென்ன? கல்யாண வீட்டு வத்தக்குழம்பில் யார் புதுமை கேட்கிறார்கள்?

ப்ளட்டிவுட், 'நு டெல்லி', 2025. நம் நாட்டுச் சரக்கு, டெல்லி. வக்கீல் வேலையை விட்டுவிட்டு வந்த கரண் கட்டியார் கிடாரும் புல்லாங்குழலும், ஜெயந்த் பதுலா குரல், ராவுல் கெர் ராப். கூடவே பஞ்சாபி டோல். யூடியூபில் கேலிப் பாட்டுகளில் தொடங்கி, 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடை ஏறினார்கள். 2022-ல் வந்த முதல் முழு ஆல்பம் 'ரக்ஷக்' பாலியல் வன்முறை, மன அழுத்தம் என்று தைரியமாகப் பேசியது. இரண்டாவதில் எட்டே பாட்டு. 'தட்கா' நம் சாப்பாட்டைப் பற்றி. தாளிப்பைப் பற்றி இவ்வளவு வெறியோடு யாரும் பாடிக் கேட்டதில்லை. 'பேகௌஃப்' பாட்டில் ஜப்பானின் பேபிமெட்டல் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். வரவு: டோல் இங்கே ஊறுகாய் இல்லை, சோறு. அதை எடுத்துவிட்டால் பாட்டே விழுந்துவிடும். நம் ஊர் வாத்தியத்தை ஃபாரின் இசையில் சேர்க்கிற எல்லோருக்கும் இதுதான் பரீட்சை, பலர் ஃபெயில். பற்று: டோல், ராப், உறுமல், கோரஸ் என்ற அதே வரிசை. நாலாவது பாட்டில் அடுத்து என்ன வரும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ருத்ரா, 'பிரம்மவித்யா' வரிசை. இது புதுசு இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1992-ல் சிங்கப்பூரில் நம்மவர்கள் தொடங்கிய குழு. பாடி, பேஸ் வாசிப்பவர் கதிர். இவர்கள் எடுத்துக்கொண்டது உபநிஷதம், கீதை, அத்வைதம். ஆங்கிலமும் சமஸ்கிருதமும் கலந்த டெத் மெட்டல். வேதிக் மெட்டல் என்றே சொல்கிறார்கள். 2005, 2009, 2011 என்று மூன்று பாகங்கள். 'நான் யார்' என்ற கேள்வியை அமைதியாகத்தான் கேட்க வேண்டும் என்று யார் விதித்தது? யுத்தகளத்தில் நின்றுகொண்டுதானே அர்ஜுனன் கேட்டான்? வரவு: யாரையும் காப்பியடிக்காத தைரியம். பற்று: சொல் புரிவதற்குப் பாட்டுப் புத்தகம் வேண்டும். கோபம் உண்டு, யார் மேல் என்பதுதான் சில இடங்களில் பிடிபடவில்லை. அகங்காரத்தின் மேல் என்றால் சரி.

இந்த நாலையும் வரிசையாகக் கேட்டு முடித்ததும் எனக்கு ஒரே ஆதங்கம். பிரெஞ்சுக்காரன் தன் புரட்சியைக் கொண்டுவந்தான். டெல்லிக்காரன் டோலைக் கொண்டுவந்தான். சிங்கப்பூர்த் தமிழர்கள் சமஸ்கிருதத்தைக் கொண்டுவந்தார்கள். தமிழை யார் கொண்டுவருவது?

மொழி தயாராக இருக்கிறது. க, ச, ட, த, ப, ற என்று ஆறு வல்லினம். மெட்டல் குரலுக்கென்றே செய்த மாதிரி. வரிகளுக்கும் பஞ்சமில்லை. செயங்கொண்டாரின் 'கலிங்கத்துப் பரணி'யைப் புரட்டுங்கள். காளி கோயில், எலும்பு, மண்டை ஓடு, போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைத்துச் சாப்பிடுகிற காட்சி. எந்த மெட்டல் ஆல்பத்தின் அட்டையும் இதன் பக்கத்தில் குழந்தைப் புத்தகம். பல்கலைக்கழகப் பாடத்தில் இருந்தால் இலக்கியம், மகனின் பனியனில் இருந்தால் கெட்ட சகவாசமா? இது என்ன கணக்கு?

வழியும் போட்டாகிவிட்டது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. பா.ரஞ்சித்தின் முயற்சி, இசைக்கு டென்மா. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட பறையும், இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட கிடாரும் தோளோடு தோள் நின்றன. அது மெட்டல் இல்லை. ஆனால் அங்கிருந்து மெட்டலுக்கு ஒரு தெரு தூரம்தான். கோபத்துக்குக் காரணமா? அந்த மேடையில் யாரும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டிலேயே ஒரு கதவு சாத்தியிருக்கிறது அல்லவா? இன்று தட்டிப் பாருங்கள். 'சத்தத்தைக் குறை' என்று சொல்வதற்கு முன்னால், 'இவர்களுக்கு என்ன கோபம்?' என்று ஒரு தடவை கேளுங்கள். பையன் பதில் சொன்னால் அவன் நல்ல ரசிகன். பதில் தெரியாவிட்டால், ஜூடாஸ் ப்ரீஸ்டில் ஆரம்பித்து இரண்டு பேருமாகச் சேர்ந்து கேளுங்கள். ஒன்று மட்டும், பக்கத்து வீட்டுக்காரர் பாவம். இரவு பத்து மணிக்கு மேல் ஹெட்போன்.