புத்தகம் யார் கையில்?

மின்னூல் பற்றி எம்மவர் மத்தியில் நடக்கும் பேச்சுக்கள் பெரும்பாலும் இரண்டு வாய்ப்பாடுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு சாரார் தாளின் மணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். புத்தகம் என்றால் கையில் எடுத்துப் புரட்டவேண்டும், நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கவேண்டும் என்கிறார்கள். மறுசாரார் ஆயிரம் நூல்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியலாமே என்கிறார்கள். இரு தரப்பும் பேசுவது வசதியைப் பற்றித்தான். ஒன்று மனதின் வசதி, மற்றது தோளின் வசதி. வாங்கிய புத்தகம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, நாளைக்கும் அது இருக்குமா என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஒரு நூலகத்தை நெருப்புக்குப் பறிகொடுத்த சமூகம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

முதலில் கருவிக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். கிண்டில் போன்ற வாசிப்புக் கருவிகளின் திரை, கணினித் திரையினின்று அடிப்படையிலேயே வேறுபட்டது. அதனுள் மிக நுண்ணிய குமிழ்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கேற்ப இவற்றில் ஒன்று மேலே வருகிறது. அப்படித்தான் எழுத்து உருவாகிறது. உருவான எழுத்தை அப்படியே நிறுத்திவைக்க மின்சாரம் தேவையில்லை. அதனால் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் வாசிக்கலாம். தாளைப் போலவே தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவதால் கண்ணுக்கும் இதமானது.

எல்லாவற்றிலும் பெரிய நன்மை, எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பது. எம்மோடு வந்த வாசகர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. கண் மங்கிய பிறகு வாசிப்பைக் கைவிட்ட பெரியவர்கள் எத்தனை பேர்! இரண்டு அறை வீட்டில் புத்தக அலுமாரிக்கு இடமில்லாதவர்களும், தபாற்செலவு நூலின் விலையை விஞ்சுகிறதென்று வாங்காமல் விட்டவர்களும் எம்மிடையே உண்டு. இவர்களிடம் போய்த் தாளின் மணத்தைப் பேசுவது நியாயமில்லை.

ஆனால் கருவி வேறு, கடை வேறு. எமது விவாதங்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போய்க் கிடக்கின்றன.

கிண்டில் 2007 நவம்பரில், 399 டொலர் விலையில் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, 2009 யூலையில் அமேசன் நிறுவனம் தான் விற்ற சில நூல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து தொலைவில் இருந்தபடியே அழித்தது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நிறுவனத் தலைவர் ஜெஃப் பேசோஸ் மன்னிப்பும் கேட்டார். அழிக்கப்பட்ட நூல்கள் ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை' ஆகியவை. பழைய செய்தித்தாள்களை எரித்து வரலாற்றைத் திருத்தி எழுதும் அரசைப் பற்றிய நாவலுக்கே இது நடந்தது என்று அன்று உலகம் சிரித்தது. எமக்கு அது சிரிப்பதற்குரிய விடயமல்ல. வீட்டுக்குள் புகாமலே அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துச்செல்ல முடியும் என்பது அன்றுதான் நிரூபணமாயிற்று.

2019 இல் மைக்ரோசொவ்ற் தனது மின்னூல் கடையை மூடியது. கடை மூடினால் புதிய நூல் வாங்கமுடியாது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அங்கு வாங்கியவர்களின் பழைய நூல்களும் கடையோடு சேர்ந்தே மறைந்தன. அப்போதும் பணம் திரும்பக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பூபாலசிங்கம் புத்தகக்கடை பூட்டப்பட்டால், முப்பது வருடத்திற்கு முன் அங்கு வாங்கிய நாவல் எமது வீட்டில் காணாமற்போகுமா? 2025 பெப்ரவரி 26 முதல், வாங்கிய நூலை இணையத்தளத்திலிருந்து கணினிக்கு இறக்கிக் கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசன் நிறுத்திக்கொண்டது. இதில் சட்டமீறல் ஏதுமில்லை. நாம் வாசிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்திவிடும் நிபந்தனைகளில் நூல் விற்கப்படவில்லை, வாசிப்பதற்கான அனுமதி மட்டுமே தரப்படுகிறது என்று எழுதியிருக்கிறது. அதாவது நாம் வாசகர் என்ற பெயரில் வாடகைக் குடியிருப்பாளர்கள். வாடகை வீட்டின் நிச்சயமின்மையை எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டு முயற்சிகளை வைத்துப் பார்க்கவேண்டும். 1998 பொங்கலன்று, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்தவர்கள் ஊதியமின்றி பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்தார்கள், வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தார்கள். கிண்டில் வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முந்திய கதை இது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வருடி இணையத்தில் வைத்தது. இரண்டிலும் பூட்டு இல்லை. எவரும் இறக்கிக்கொள்ளலாம்.

இந்த வேறுபாடு வெறும் காசு சம்பந்தப்பட்டதல்ல. யாழ்ப்பாணத்தில் எரிந்தவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் இருந்தன. அதனால்தான் அந்த இழப்பு ஈடுசெய்ய முடியாததாயிற்று. பனையோலை நிலைப்பது சில நூற்றாண்டுகளே. ஆயினும் சங்க நூல்கள் எம்மை வந்தடைந்தமைக்குக் காரணம், யாரோ ஒருவர் தலைமுறைக்குத் தலைமுறை அவற்றைப் பிரதிபண்ணிக்கொண்டே இருந்தமைதான். 1887 இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் கையில் இருந்தவை அப்படிப் பிழைத்த பிரதிகளே. செலவில்லாமல், தேயாமல், நொடியில் பெருகக்கூடியது என்பதே மின்னூலின் உண்மையான மேன்மை. பூட்டுப் போட்ட மின்னூல் அந்த மேன்மையையே இழந்துவிடுகிறது. பெருகவும் முடியாது, கைமாறவும் முடியாது. ஏட்டிலும் பலவீனமான ஏடு அது.

பூட்டு இல்லாவிட்டால் எழுத்தாளன் எப்படி வாழ்வது என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அமெரிக்காவில் விஞ்ஞானப் புனைகதைகளை வெளியிடும் டோர் பதிப்பகம் 2012 இல் தன் மின்னூல்களின் பூட்டை எடுத்துவிட்டது. இன்றும் அது விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. எமது நூல்களைப் பீடித்த நோய் திருட்டல்ல, வாசகரிடம் போய்ச் சேராமை. அமேசன் 2016 இல் தமிழுக்கு இடம் கொடுத்த பின்னர் எமது எழுத்தாளர்கள் பலர் அங்கு தாமே நூல்களை வெளியிடுகிறார்கள். நூலை ஏற்றும்போது பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று அவர்களிடம் கேட்கப்படுகிறது. இந்தத் தெரிவு எமது கையிலேயே இருக்கிறது. எத்தனை பேர் யோசித்துப் பதில் சொல்கிறார்கள்?

கடையை மட்டும் குறைசொல்லி நாம் தப்பிவிட முடியாது. தொண்ணூறுகளில் புகலிடத்தில் வந்த சஞ்சிகைகளில் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் கோர்க்கப்பட்டவை. அந்தக் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களின் குப்பை வரும். ஒருங்குறிக்கு மாற்றாமல் பழைய வட்டுக்களில் கிடப்பவை, எவரும் எரிக்காமலே எரிந்துகொண்டிருப்பவை. நூலகம் தளத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி அச்சுப்பக்கத்தின் படங்களே. ஆய்வாளனுக்கு அவை பெரும் செல்வம். ஆனால் கைத்தொலைபேசியில் வாசிக்க முனையும் முதியவர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்கவேண்டியிருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்து ஒழுங்காகும் ஈபப் வடிவம் 2007 முதல் இருக்கிறது. எமது நூல்களில் எத்தனை அந்த வடிவத்தில் உண்டு? காப்பாற்றுவது ஒரு வேலை, வாசிக்கத் தருவது இன்னொரு வேலை. முதலாவதை மிகச் சிலர் தமது உழைப்பால் செய்து முடித்திருக்கிறார்கள். இரண்டாவது மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க இன்று மென்பொருள் இருக்கிறது. அது விடும் பிழைகளைத் திருத்தத் தமிழ் தெரிந்த கண்கள் வேண்டும். அந்தக் கண்கள் எம்மிடம்தான் இருக்கின்றன, அவையும் மங்கிக்கொண்டு வருகின்றன.

ஆகவே கிண்டிலா தாளா என்று சண்டை பிடிப்பதை விட்டுவிடுவோம். எந்தக் கருவியில் வேண்டுமானாலும் வாசியுங்கள். உங்கள் நூலை வெளியிடும்போது பூட்டைத் தவிருங்கள், ஒருங்குறியில் ஒரு ஈபப் பிரதியைச் செய்துவையுங்கள், அதை நாலு நாடுகளில் நாலு பேரிடம் கொடுத்துவையுங்கள். ஒரே இடத்தில், ஒரே கையில் இருந்த புத்தகங்களுக்கு என்ன நடந்தது என்பது எமக்குத் தெரியும்.