கழற்றிய பின் மிஞ்சுபவை

பச்சைக் கேடயம் பதித்த ஒரு சின்ன மோதிரம். விலை பெரிதாக ஒன்றும் இருக்காது. கேடயத்தின் நடுவில் சி, டி, ஆர் என்று மூன்று ஆங்கில எழுத்துகள். 'சரியானதைத் தேர்ந்தெடு' என்பதன் சுருக்கம். மார்மன் வீட்டுப் பிள்ளைகள் ஞாயிறு வகுப்புக்குப் போகும் வயதிலேயே இதை விரலில் மாட்டிக்கொள்வார்கள். வளர்ந்து, சந்தேகப்பட்டு, சண்டை போட்டு, கடைசியில் சபையை விட்டே வெளியேறுகிறவர்களில் சிலர் இதை மேசை இழுப்பறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஏன்? நம்பிக்கை போய்விட்டது என்றால் தூக்கிப் போட வேண்டியதுதானே?

ரொம்ப நாள் இந்தக் கேள்வியை நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியேறியவர் முழுசாக வெளியேற வேண்டும், பொருளை வைத்திருப்பது பாதி வெளியேற்றம் என்பது என் எண்ணம். மூன்று படைப்புகளை அடுத்தடுத்து வாசித்தபோது அந்த எண்ணம் நிற்கவில்லை. அது எப்படி ஆட்டம் கண்டது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயம். இந்தச் சபை தொடங்கியதே ஒரு பொருளிலிருந்துதான். தங்கத் தகடுகளில் எழுதப்பட்ட பழைய வரலாறு ஒன்று தனக்குக் கிடைத்தது, அதை மொழிபெயர்த்தேன், பிறகு தேவதூதன் தகடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டான் என்றார் ஜோசப் ஸ்மித். அந்த நூல் 1830-இல் அச்சானது. அதே ஆண்டு ஏப்ரல் 6 அன்று சபை நிறுவப்பட்டது. அன்றைக்கே அவருக்கு வந்ததாகச் சொல்லப்படும் வெளிப்பாடு, உங்களுக்குள் ஒரு பதிவேடு வைக்கப்பட வேண்டும் என்பதில்தான் தொடங்குகிறது. மூலப் பொருள் கையில் இல்லாத ஒரு மதம், அன்றிலிருந்து எழுதிச் சேர்ப்பதை நிறுத்தவே இல்லை. 1960களில் சால்ட் லேக் சிட்டிக்கு அருகே ஒரு கருங்கல் மலையைக் குடைந்து, குடும்ப வரலாற்று ஆவணங்களின் நுண்படங்களைக் காக்க ஒரு பெட்டகமே கட்டினார்கள். 1970களில் தலைவராக இருந்த ஸ்பென்சர் கிம்பல், ஒவ்வொருவரும் நாட்குறிப்பு எழுதுங்கள் என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தினார்.

ஆகவே இங்கே ஒருவர் வெளியேறும்போது அவர் கையில் மிஞ்சுவது சிலுவையோ படமோ இல்லை. பெயர் பொறித்த வேதப் புத்தகம், ஊழியத்துக்குப் போன காலத்தில் சட்டையில் குத்திய கறுப்புப் பெயர்ப்பட்டை, தன் கையெழுத்தில் நிறைந்த நோட்டுகள். முக்கால்வாசிப் பொருள்களில் அவர் பெயர்தான் இருக்கிறது. தூக்கிப் போடுவது என்றால் யாரைத் தூக்கிப் போடுவது?

டோனி குஷ்னரின் 'ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா' நாடகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு நாடகீயமான பதில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் மேடையேறிய, இரண்டு பாகங்கள் கொண்ட நாடகம் அது. அதில் வரும் ஜோ பிட் ஒரு மார்மன், நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறவன், கல்யாணமானவன், தான் தன்பால் விருப்பம் உள்ளவன் என்பதை வெகு தாமதமாக ஒப்புக்கொள்கிறவன். இரண்டாம் பாகத்தில், குளிர்காலக் கடற்கரை ஒன்றில், லூயிஸிடம் தன் காதலை நிரூபிக்க ஜோ உடைகளைக் கழற்ற ஆரம்பிக்கிறான். உள்ளே இருப்பது ஆலயச் சடங்கை முடித்த மார்மன்கள் அணியும் புனித உள்ளாடை. இரண்டாவது தோல் மாதிரி. அதையும் உனக்காக உரித்துப் போடுகிறேன் என்பதுதான் அவன் சொல்ல வருவது.

பார்க்கிறவர்களைக் கட்டிப்போடும் காட்சிதான். ஆனால் குஷ்னர் மார்மன் அல்ல, வெளியிலிருந்து பார்க்கிறவர். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மதம் என்பது உடுப்பாகத்தான் தெரியும், கழற்றினால் முடிந்தது. உள்ளே இருந்தவருக்கு அந்த உடுப்பு அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. பழையதாகிப்போன உள்ளாடையை என்ன செய்வது என்று சபையே விதி வைத்திருக்கிறது: புனிதக் குறிகளை மட்டும் வெட்டி எடுத்து அழித்துவிட வேண்டும், மிச்சம் வெறும் துணி. ஒரு கத்தரிக்கோல் போதும்.

குஷ்னருக்கே இது பிடிபட்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் லூயிஸ் கடைசியில் ஜோவை வெறுத்து ஒதுக்குவதற்குக் காரணம் அந்த உள்ளாடை இல்லை. தன் நீதிபதிக்காக ஜோ எழுதிக் கொடுத்த தீர்ப்புகளை லூயிஸ் தேடிப் படித்துவிடுகிறான். உடுத்தியதைக் கழற்றிவிடலாம். எழுதியதை எப்படிக் கழற்றுவது?

இந்த இடத்திலிருந்து டாரா வெஸ்ட்ஓவரின் 'எஜுகேட்டட்' நூலுக்குப் போவது எளிது. 2018-இல் வந்த தன்வரலாறு. இது மார்மன் மதத்தைப் பற்றிய புத்தகம் இல்லை என்று அவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அதை மதிக்க வேண்டும். அவருடைய அப்பாவின் தீவிரம் எல்லா மார்மன் வீடுகளிலும் இருப்பது இல்லை. ஆனால் புத்தகம் நிற்பது அவர் சிறு வயதிலிருந்தே எழுதிவந்த நாட்குறிப்புகளின் மேல். எழுதி வைப்பதைக் கடமையாகக் கருதும் ஒரு சமூகத்தில் பிறந்த பெண்ணுக்கு அந்தப் பழக்கம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஷான் என்ற பெயரில் வரும் அண்ணன், ஒரு வாகன நிறுத்துமிடத்தில் பலர் பார்க்க அவரை வலுக்கட்டாயமாக இழுத்து, கையை முறுக்கிக் காயப்படுத்துகிறான். அதை அவர் நாட்குறிப்பில் எழுதுகிறார். பிறகு அண்ணன் வந்து, எல்லாம் விளையாட்டுக்குத்தான் என்கிற மாதிரி விளக்கம் சொல்கிறான். அந்த விளக்கத்தையும் எழுதுகிறார். ஆனால் முதலில் எழுதியதை அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. வருடங்கள் கழித்து, நீ சொல்வதுபோல் எதுவும் நடக்கவே இல்லை என்று குடும்பம் சொல்லும்போது அவருக்குத் துணை நிற்பது இந்தப் பக்கங்கள்தான்.

சபை ஊக்குவித்த ஒரு பழக்கமே அந்த வீட்டிலிருந்து வெளியேறுவதற்கான வழியாகவும் ஆகிவிட்டது. அந்த நோட்டுகளை எரித்திருந்தால் அவர் இன்னும் சுத்தமாக வெளியேறியிருப்பாரா? இல்லை. தன் பக்கத்துச் சாட்சியையே எரித்திருப்பார். நான் இளக்காரமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி எனக்கு முதலில் கூசியது இங்கேதான்.

மூன்றாவது புத்தகம் இதற்கு நேர் எதிர். டெரி டெம்பஸ்ட் வில்லியம்ஸின் 'வென் விமன் வேர் பேர்ட்ஸ்', 2012. யூட்டாவின் மார்மன் குடும்பத்தில் வந்தவர். அந்த மரபோடு உறவும் சண்டையுமாகவே எழுதிவந்தவர். 1987-இல் புற்றுநோயில் இறந்துபோன அவருடைய அம்மா, சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, என் நாட்குறிப்புகளையெல்லாம் உனக்கு விட்டுப்போகிறேன், நான் போன பிறகு படி என்கிறார். அலமாரியில் வரிசையாக அழகான நோட்டுகள். ஒன்றைத் திறக்கிறார், காலி. அடுத்தது, காலி. எல்லாமே வெற்றுத்தாள்.

பிள்ளை பெறுவதும் நாட்குறிப்பு எழுதுவதும் மார்மன் பெண்ணின் இரண்டு கடமைகள். அம்மா வருடா வருடம் நோட்டு வாங்கினார், அடுக்கினார், ஒரு வரிகூட எழுதவில்லை. சபையை விட்டு வெளியேறாமலேயே அவர் எங்கோ வெளியேறியிருந்தாரா? மகளுக்குத் தெரியாது. புத்தகத்தின் தொடக்கத்தில் சில பக்கங்கள் ஒன்றும் அச்சிடாமல் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. நான் சட்டென்று புரட்டிவிடாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

எனக்குக் குறையாகப் படுவது அதன் பிறகு வருவது. அம்மா இறந்த வயது 54. அதே வயதில் மகள் எழுதும் இந்தப் புத்தகத்தில் 54 பகுதிகள். அந்த வெற்றுத்தாள் என்ன என்று வில்லியம்ஸ் விடாமல் சொல்லிக்கொண்டே போகிறார். திரை, நிழல், கேள்வி, எதிர்ப்பு என்று அர்த்தம் அர்த்தமாக வந்து குவிகிறது. சில இடங்கள் அபாரம். ஆனால் நாற்பதாவது பகுதியை நெருங்கும்போது அந்தத் தாளில் வெறுமையே மிச்சமில்லை. மகளின் கையெழுத்துதான் நிறைந்திருக்கிறது. அம்மா எழுத மறுத்ததை மகள் எழுதி நிரப்பிவிட்டாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. வெஸ்ட்ஓவர் தன் பழைய வரிகளைத் திருத்தாமல் விட்டார். வில்லியம்ஸால் அம்மாவின் வெறுமையை அப்படி விட முடியவில்லை. பாசம்தான் காரணம், தெரிகிறது. ஆனாலும் வைத்திருப்பது வேறு, சொந்தமாக்கிக்கொள்வது வேறு.

விட்டு வந்தவரிடம் நாம் எப்போதும் ஒரு பெரிய காட்சியை எதிர்பார்க்கிறோம். எரித்தேன், கிழித்தேன், கடலில் எறிந்தேன் என்று சொன்னால்தான் நமக்குத் திருப்தி. ஜோவின் கடற்கரைக் காட்சி நமக்குப் பிடிப்பதும் அதனால்தான். ஆனால் அவனைவிட, நோட்டை மூடி அப்படியே வைத்த அந்தப் பெண் வெகுதூரம் போய்விட்டாள்.

அந்த மோதிரத்துக்கு வருகிறேன். சரியானதைத் தேர்ந்தெடு என்று ஒரு குழந்தையிடம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருநாள் அந்தக் குழந்தை வளர்ந்து, தனக்குச் சரி என்று பட்டதைத் தேர்ந்தெடுத்து, எழுந்து வெளியே போய்விடுகிறது. அது அந்த மூன்று எழுத்துகளுக்குக் கீழ்ப்படிந்ததா, மீறியதா? இழுப்பறையில் மோதிரத்தை வைத்திருக்கிறவருக்கும் ஒருவேளை பதில் தெரியாமல் இருக்கலாம். தெரிகிறவரை அது அங்கேயே கிடக்கட்டும்.