படத்தின் அடியில் ஒரு வரி

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருக்கும் என் நண்பர், சென்ற மாதம் சில தாள்களைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். ஐந்தாம் வகுப்புக்காக அவரே தயாரித்த பாடம். தலைப்பு 'நமது நீலகிரி'. கதைகளை விமரிசனம் செய்து பழகியவனுக்குப் பாடத்தாளை விமரிசிப்பது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் நாவலுக்கு இல்லாத ஒரு பாக்கியம் அதற்கு உண்டு. அதன் வாசகர்கள் தப்பித்து ஓட முடியாது.

எழுத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. சின்ன வாக்கியங்கள், தெளிவான தமிழ். வினை படங்களில் வந்தது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் படம். அடியில் 'நீலகிரித் தேயிலைத் தோட்டம்' என்று மட்டும் போட்டிருந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "விக்கிமீடியா காமன்ஸில்தான். இலவசம்தானே?" என்றார்.

அவருடைய கைபேசியிலேயே அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தோம். எடுத்தவர் பெயர் இருந்தது. உரிமம் இருந்தது. எடுத்த இடமும் இருந்தது: நுவரெலியா, இலங்கை.

1964இல் சிரிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கண்டிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து இந்த மலைக்கு வந்த குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் அரசு இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார் விட்டுவந்த மலையின் பெயரை அழித்துவிட்டு, அதற்கு நம் மலையின் பெயரை வைத்திருந்தார் நண்பர். பாடத்திலேயே உயிருள்ள வரியாக இருந்திருக்க வேண்டியது, கத்திரிக்கோலில் போய்விட்டது.

இலவசம் என்ற சொல்லில்தான் குழப்பம். 2002இல் வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், 'எடுத்துக்கொள், ஆனால்' என்று ஆரம்பிக்கிறவை. படைத்தவர் உரிமையை விட்டுவிடவில்லை. அனுமதியை முன்கூட்டியே தந்து நிபந்தனையும் சொல்கிறார். அவர் பெயர், படம் கிடைத்த இடம், உரிமத்தின் பெயர் இவற்றைப் போட வேண்டும். படத்தை வெட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சிலர் வியாபாரத்துக்கு ஆகாது என்பார்கள்; சிலர் மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்காதே என்பார்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கற்பித்தலுக்குச் சலுகை தருகிறது என்று நண்பர் வாதாடினார். வாஸ்தவம். ஆனால் தாள் வகுப்பறையோடு நிற்கவில்லை. வாட்ஸப்பில் ஏறி நாலு பள்ளிக்கூடம் போய்விட்டது. போன இடமெல்லாம் அது நீலகிரிதான். என் கதை ஒன்றை ஒரு மலர் பெயரில்லாமல் போட்டபோது நான் பதினைந்து நாள் குமுறிக்கொண்டிருந்தவன். ஆகையால் இதில் நான் நடுநிலையாளன் இல்லை.

இன்னொரு படம், தோடர் மந்து ஒன்றைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படம். பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது. யாரையும் கேட்க வேண்டியதில்லை, யார் பெயரையும் போடாவிட்டாலும் வழக்கு வராது. அடியில், 'தோடர்கள் இத்தகைய வீடுகளில் வாழ்கிறார்கள்' என்று எழுதியிருந்தார். வாழ்கிறார்களாம்! பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தாற்போன்ற அந்தக் கட்டடங்களில் இன்று பெரும்பாலும் கோயில்களே மிச்சம்; ஜனங்கள் உங்களையும் என்னையும் போலச் சாதாரண வீடுகளில் இருக்கிறார்கள். வருஷத்தைப் போடாததால், தோடர் பெண் ஒருத்தி அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் பக்கத்துப் பையன் அவளைத் திரும்பிப் பார்ப்பான். காமிராவின் முன் நின்றவர்களிடம் அன்றைக்கு யார் சம்மதம் கேட்டார்கள்? புதிய படங்களிலும், உரிமம் எடுத்தவரின் சம்மதத்தைத்தான் சொல்கிறது. படத்தில் இருப்பவரின் சம்மதத்தைச் சொல்வதில்லை. பிள்ளைகளின் முகம் தெரியும் படமானால் நான் இரண்டு தரம் யோசிப்பேன்.

நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. நுவரெலியா என்று திருத்தினார். மந்துப் படத்தைக் காலம் குறிப்பிட்டுக் கடந்த காலத்துக்கு மாற்றினார். எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் போடத்தான் தாளில் இடம் இல்லை என்கிறார். ஓரத்தில் சுற்றிலும் அச்சிட்டிருக்கும் பூக்கொடியை எடுத்துவிடலாமே என்றேன். அதற்கு மட்டும் இன்னும் அவருக்கு மனசு வரவில்லை.