எட்டு ஆண்டு உழைக்கும் கைப்பேசி

கைப்பேசி சூழலுக்குச் செய்யும் கேட்டில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன்பே நடந்து முடிந்துவிடுகிறது. தாது தோண்டி எடுப்பதிலும் சில்லு தயாரிப்பதிலும் உமிழப்படும் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால், நாம் சார்ஜ் போடச் செலவாகும் மின்சாரத்தால் வருவது சொற்பம். ஆகவே புதிது புதிதாகப் ‘பசுமை’க் கைப்பேசி வாங்குவதைவிட, வாங்கியதை நீண்ட நாள் வைத்திருப்பதே உருப்படியான வழி. இந்தக் கணக்கை வடிவமைப்பின் நடுவில் வைத்த நிறுவனம் ஆம்ஸ்டர்டாமின் ஃபேர்போன். காங்கோவின் சுரங்கக் கனிமங்கள் உள்நாட்டுப் போருக்குப் பணமாவதை எதிர்த்து 2010-இல் பிரசார இயக்கமாகத் தொடங்கி, 2013-இல் நிறுவனமானது.

2015-இல் வந்த ஃபேர்போன் 2-இன் திரையைக் கழற்ற எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. இரண்டு கொக்கிகளை நகர்த்தித் திரையைத் தள்ளினால் வந்துவிடும். கேமராவையும் ஸ்பீக்கரையும் கழற்றச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். நம்மூர் சர்வீஸ் கடையில் பேட்டரி உப்பிப்போன ஒரு போனைத் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பின்பக்கத்தைச் சூடாக்கி, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் செருகி, கண்ணாடி விரிசல் விடாமல் மெதுவாக நெம்ப வேண்டும். கை சற்றுப் பிசகினால் டிஸ்ப்ளே போச்சு. இத்தனைக்கும் காரணம் தொழிற்சாலையில் தடவிய பசைதான். அந்தப் பசை இல்லாமலும் போன் செய்யலாம் என்று செய்தே காட்டியது ஃபேர்போன்.

கழற்றி மாட்டும் வசதிக்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி உறை, தங்கமுலாம் பூசிய தனி இணைப்பான் எல்லாம் வேண்டும். இதனால் தயாரிப்பின் சுமை சற்றுக் கூடுகிறது என்பதை ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வகம் இந்த போனை ஆராய்ந்தபோதே சுட்டிக்காட்டியது. பயனர் உண்மையிலேயே பல ஆண்டுகள் வைத்திருந்தால்தான் அந்தச் சுமை ஈடாகும். இரண்டே ஆண்டில் மாற்றிவிடுபவர் கையில் இந்த வடிவமைப்பு வீண்.

என் பார்வையில் ஃபேர்போனின் பெரிய சாதனை திருகாணிகளில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் போன்கூட அப்டேட் நின்றுவிட்டால் மெல்லச் செத்துப்போகும்; வங்கிச் செயலி முதலில் கைவிரிக்கும். ஃபேர்போன் 2-இல் இருந்தது குவால்காமின் ஸ்னாப்டிராகன் 801. ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு அந்தச் சில்லுக்குக் குவால்காமின் ஆதரவு கிடைக்கவில்லை. சிறிய நிறுவனமான ஃபேர்போன் தானே மல்லுக்கட்டி ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுபோனது. 2023 வரை, ஏழு ஆண்டுகளுக்கு மேல் அப்டேட் தந்தது. அந்தப் பாடத்தை வைத்துத்தான் 2023-இன் ஃபேர்போன் 5-க்கு, தொழிற்சாலைக் கருவிகளுக்கென நீண்ட கால ஆதரவோடு வரும் சில்லைத் தேர்ந்தெடுத்தது. 2031 வரை அப்டேட் உண்டு என்று உறுதியும் தந்தது.

சறுக்கல்களும் உண்டு, அவை சிறியவை அல்ல. முதல் ஃபேர்போனை நம்பி வாங்கியவர்களுக்கு 2017-லேயே உதிரிபாகம் கிடைக்காமல் போனது. 2021-இல் ஃபேர்போன் 4-இல் இயர்போன் துளையை நீக்கிவிட்டு, அதே வேளையில் வயர்லெஸ் இயர்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பல ஆண்டு தாங்கும் கம்பி இயர்போனைக் கைவிடச் செய்து, பேட்டரியோடு தேயும் ஒன்றை வாங்கத் தூண்டுவது அந்த நிறுவனம் பேசிய அறத்துக்கே முரண். பேட்டரி மாற்றத்தக்க இயர்போன் 2024-இல்தான் வந்தது.

விலைதான் எல்லாவற்றிலும் பெரிய குறை. ஃபேர்போன் 5 வந்தபோது விலை 699 யூரோ. 2024-இலும் ஆண்டு விற்பனை ஒரு லட்சத்தை ஒட்டியே நின்றது. உலகில் ஆண்டுக்கு நூறு கோடிக்கு மேல் ஸ்மார்ட்போன் விற்கும்போது இது கடலில் கரைத்த பெருங்காயம். நிறுவனத்தின் நோக்கம் நல்லதுதான்: சீனாவின் சூஜோவில் ஃபேர்போன் 3-ஐப் பொருத்திய தொழிலாளர்களுக்கு வாழ்வூதிய ஊக்கத்தொகை கொடுத்தார்கள். உயர்ந்த செயல்தான். ஆனாலும் நல்ல மனசும் நல்ல வருமானமும் சேர்ந்தவர்களின் பணத்தை மட்டுமே நம்பி ஒரு துறையைத் திருத்திவிட முடியாது.

துறையைத் திருத்த, சட்டம் வேண்டும். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் உதிரிபாகமும், குறைந்தது ஐந்து ஆண்டுகள் அப்டேட்டும் தர வேண்டியது கட்டாயம். ‘இது சாத்தியமில்லை’ என்று பெரிய நிறுவனங்கள் சொன்னால், சாத்தியமே என்பதற்கு ஃபேர்போன் கண்ணெதிரே நிற்கும் சான்று.

இந்தியாவிலும், கைப்பேசியை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பிடும் பழுதுநீக்கக் குறியீடு வகுக்க, நுகர்வோர் விவகாரத் துறை 2024-இல் ஒரு குழு அமைத்தது. ஃபேர்போன் மனத்தில் வைத்திருப்பது வீட்டு மேசையில் தானே போனைக் கழற்றும் ஐரோப்பியப் பயனரை. இங்கே நாம் போனைக் கொடுப்பது சென்னை ரிச்சி தெருவிலும் ஊர் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் இருக்கும் கடைக்காரரிடம். அவருக்கு அசல் உதிரிபாகமும் சர்க்யூட் வரைபடமும் நியாயமான விலையில் கிடைக்குமா, பேட்டரியை மாற்றியதும் ‘இது அசல் இல்லை’ என்று போனே மிரட்டாமல் இருக்குமா என்பதை வைத்தே அந்தக் குறியீடு மதிப்பெண் போட வேண்டும். விதிகளை வகுப்பவர்கள் நிறுவனங்களைக் கேட்பதோடு நிறுத்திவிடாமல், அந்தக் கடைக்காரர்களையும் அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.