அழுக்கு எவருடையது? எல்லைப்புறத்து மூன்று புதினங்கள்

தூய்மை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் ஆள்கின்றோம். ஆயினும் அச்சொல்லுக்கு எல்லாரிடத்தும் ஒரே பொருள் உண்டு என எண்ணுதல் பொருந்தாது. நீராடி நீறணிந்து பூசையறை புகுபவர் ஒரு தூய்மையைக் கருதுகிறார். கிருமிகளை எண்ணிக் கைகழுவச் சொல்லும் மருத்துவர் வேறொன்றைக் கருதுகிறார். சேற்றில் நின்று நாற்று நடுபவர்க்கோ மேனியில் ஒட்டிய மண் அன்றைய உழைப்பின் அடையாளமேயன்றி வேறன்று.

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வள்ளுவர் புறத்தின் தூய்மையை நீருக்கும், அகத்தின் தூய்மையை வாய்மைக்கும் உரியனவாகப் பிரித்தார். உடம்பை ஒரு காலத்தில் இழிவாக எண்ணியிருந்த திருமூலர், பின்னர் அதனுள் இறைவன் உறைவதை உணர்ந்து அதனைப் பேணலானார். தீட்டு என்று எதை விலக்குகின்றோமோ அதிலிருந்தே இவ்வுடம்பு உருவாயிற்றன்றோ என்று சிவவாக்கியர் வினவினார். இத்துணைத் தெளிவு பாட்டில் இருந்தும், தெருவில் அது நடைமுறைக்கு வரவில்லை. 1924ஆம் ஆண்டில் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் தொடங்கியது. அதே ஆண்டில் பாலக்காட்டுக் கல்பாத்தியின் அக்கிரகாரத் தெருக்களில் ஈழவர் நடப்பது பற்றிப் பெரும் பூசல் எழுந்தது. நன்கு குளித்து, வெள்ளாடை உடுத்தி வந்தவரும் அத்தெருவில் அழுக்கானவராகவே கருதப்பட்டார். ஆகவே விலக்கப்பட்டது மேனியில் இருந்த அழுக்கு அன்று என்பது வெளிப்படை.

பாலக்காட்டுக் கணவாய் முதல் பீர்மேடு வரையிலுள்ள எல்லைப்பகுதியிலும் அதன் அண்டையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் இப்பொருள் பற்றிக் கருதிப் பார்க்கத்தக்க புதினங்கள் மூன்று உள. மூன்றும் முதலில் பிறமொழியில் எழுதப்பட்டுப் பின்னர்த் தமிழுக்கு வந்தவை. மூன்றினும் மனித உடம்பே நடுப்பொருளாய் நிற்கின்றது. ஆனால் அதனைக் காணும் கண்கள் மூன்று வகையின.

முதலாவது, தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் வெளியிட்ட ‘தோட்டியின் மகன்’. சுந்தர ராமசாமி இதனைத் தமிழாக்கினார். கதை நிகழ்வது ஆலப்புழை நகரில். எனினும் கதைமாந்தர் நம்மவர். மலம் அள்ளும் பணிக்கெனத் தமிழகத்திலிருந்து அங்குச் சென்ற குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைகளை ஆசிரியர் காட்டுகிறார். இசக்கிமுத்துவின் மகன் சுடலைமுத்து தன் மகனாவது இத்தொழிலின் நாற்றம் அறியாமல் வளரவேண்டும் என விரும்புகிறான். மகனுக்கு மோகனன் என்று பெயரிடுகிறான். அப்பெயரே பிறர் நகைப்புக்கு இடமாகின்றது. அழகிய பெயர்கூட அவர்கட்கு உரியதன்று என்று ஊர் எண்ணுகிறது. மகனை உயர்த்தும் ஆசையில் சுடலைமுத்து காசு சேர்க்கிறான். தன் தோழர்களின் ஒற்றுமையையும் காட்டிக்கொடுக்கிறான். இறுதியில் காசும் போகிறது. வாந்திபேதி அவனையும் மனைவியையும் கொண்டுபோகிறது. மகன் அதே வாளியை எடுக்க நேர்கிறது.

தகழியின் திறம் இவ்விடத்தே விளங்குகின்றது. தந்தையின் விருப்பத்தில் குற்றமில்லை. தான் ஒருவன் மட்டும் தூயவனாய்த் தப்பிவிடலாம் என அவன் நம்பியதே அவனை வீழ்த்துகிறது. பின்னாளில் மோகனன் போராட்டத்தின் முன்னணியில் நிற்கும்போது, தந்தை விட்டுவந்த தோழமையை மகன் மீட்டெடுப்பதைக் காண்கின்றோம்.

இரண்டாவது, ஓ. வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’. 1969இல் நூலாக வந்த இம்மலையாளப் புதினத்தை யூமா வாசுகி தமிழுக்குத் தந்து, சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றார். பாலக்காட்டை அடுத்த தஸ்ராக் என்னும் சிற்றூரே கசாக்காக உருப்பெற்றது. ஓராசிரியர் பள்ளி நடத்த வரும் இரவியின் கண்வழியே நாம் அவ்வூரைக் காண்கின்றோம். அங்கே அம்மைநோய் அருவருக்கத்தக்க பிணியாக வரவில்லை; நல்லம்மை என்னும் தெய்வத்தின் வருகையாகவே வருகின்றது. பள்ளியை எதிர்த்த மொல்லாக்கா, காலமாற்றத்தால் அப்பள்ளியிலேயே கூட்டிப் பெருக்கும் பணியை ஏற்கிறார். அவர் காற்புண் ஆறாமல் வளர்ந்து உயிரைக் கவர்கின்றது. சமயத் தலைவர், பெருக்குபவர், நோயாளி என்னும் மூன்று நிலைகளையும் ஒரே மனிதரிடம் வைத்து, எதனையும் இழிவாக்காமல் எழுதியிருப்பது விஜயனின் பெருமை.

ஆயினும் நமக்கு ஒரு தயக்கம் உண்டு. நோயையும் அழகாக்கும் நடை, அந்நோய் தடுக்கக்கூடியது என்பதை மறக்கச் செய்துவிடுகிறது. பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது கவிதையன்று, தடுப்பூசியும் அதனை ஏந்தி ஊரூராக நடந்த பணியாளர்களுமே. இறந்த குழந்தையின் தாய்க்கு அக்கொப்புளங்கள் மலர்களாகத் தோன்றியிருக்குமோ என வாசகர் வினவினால், புதினம் அதற்கு விடை தருவதில்லை.

மூன்றாவது, பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’. இரா. முருகவேள் இதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்கள் பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் அண்டையவை. டேனியல் தோட்ட மருத்துவராகப் பணியாற்றியவர். ஆதலின் அவர் கண் நோயின் காரணத்தைத் தேடுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் ஆசைமொழியால் மலையேறும் கருப்பனும் வள்ளியும் கடனிலும் காய்ச்சலிலும் அகப்படுகின்றனர். கூலிகள் அழுக்கானவர் எனத் துரைமார் கருதினர். வாழத்தகாத லயங்களில் நெருக்கி அடைத்துவிட்டு, பின்னர் அவர்களையே அழுக்கென்று பழித்த கொடுமையை டேனியல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகிறார். அழுக்கு ஓர் இனத்தின் இயல்பன்று. அது கட்டடத்திலும் கூலியிலும் தண்ணீரிலும் உள்ளது என்பதே அவர் முடிபு.

இந்நூலின் குறையும் அதன் நிறைவிலிருந்தே எழுகின்றது. நல்ல மருத்துவர் கதைக்குள் நுழைந்தபின், கருப்பனும் வள்ளியும் மெல்லப் பின்னணிக்குச் சென்றுவிடுகின்றனர். மக்கள் நோயாளர் ஆகின்றனர். அவர்தம் உடம்பு பிறர் காப்பாற்ற வேண்டிய பொருளாகிவிடுகின்றது. எனினும் இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 2020 ஆகஸ்டு மாதத்தில் இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் மண் சரிந்தபோது லயங்களோடு புதைந்தோர் 70 பேர். அவர்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர்.

மூன்றையும் ஒப்பிட்டால் விஜயன் உடம்பை ஏற்கக் கற்பிக்கிறார். டேனியல் அதனைக் காக்கக் கற்பிக்கிறார். இரண்டும் வேண்டுவனவே. ஆயினும் முதலிடம் தகழிக்கே உரியது என்பது எம் துணிபு. நம் வீட்டின் தூய்மை எவர் கையின் அழுக்கால் விளைகின்றது என்னும் வினாவை அவர் ஒருவரே வெளிப்படையாக எழுப்புகிறார். மலம் அள்ளுவோரை இழிந்தவர் என்னும் ஊர், அவர்கள் ஒருநாள் வாராதிருந்தால் நாறிப்போகும். இந்த உண்மையை ஓர் உரையாசிரியரைப் போல் விளக்காமல், வாளி ஏந்திய தந்தையின் ஆசையாகவும் தோல்வியாகவும் அவர் காட்டிவிட்டார்.

மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்தன. சட்டம் வாளியை விலக்கலாம். ஆனால் மனத்திலுள்ள தீட்டை நாமே விலக்கவேண்டும். வேற்று மாநிலத்தில் வாழும் நாம் ஒன்று கருதல் வேண்டும். அலுவலகம், வங்கி, வணிகம் என்று வந்தோரும், தோட்டத்துக்கும் நகராட்சித் துப்புரவுக்கும் வந்தோரும் பேசுவது ஒரே தமிழ். பொங்கல் விழாவுக்கு நாம் அழைப்பிதழ் எழுதும்போது நம் நினைவுக்கு வரும் பெயர்கள் எவை? தமிழுக்குச் சங்கம் அமைத்த நாம், நம் நகரின் துப்புரவாளர் குடியிருப்பில் பேசப்படும் தமிழைச் செவிமடுத்ததுண்டா? நம் பிள்ளைகள் அக்குடியிருப்பின் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டதுண்டா?

இம்மூன்று நூல்களையும் சங்கத்தின் நூலகம் வாங்கி வைத்தல் நன்று. பிள்ளைகள் படித்து முடித்தபின், சுடலைமுத்து செய்தது சரியா என்று அவர்களைக் கேட்போம். அவர்கள் தரும் விடை, நாம் அவர்கட்கு எந்தத் தூய்மையைக் கற்பித்து வந்திருக்கின்றோம் என்பதை நமக்கே உணர்த்தும்.