ஸுஹ்தும் சிக்கனமும்: மூன்று நூல்களும் ஒரு கடன் ஏடும்

எளிமை என்னும் சொல் நம் மிம்பர்களில் அடிக்கடி ஒலிக்கிறது. நம் இல்லங்களிலோ அதற்கு இடம் குறைந்து வருகிறது. மக்களின் பலவீனமே இதற்குக் காரணம் என்று கூறி ஆலிம்களாகிய நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். எளிமையைப் பற்றி எந்த நூல்களை ஓதுகிறோம், எவற்றை ஓதாமல் விடுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஹிஜ்ரி இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளின் மூன்று அரபு நூல்களை அருகருகே வைத்து இதனை ஆராய முற்படுகிறோம்.

முதலாவது, ஹி. 181-ல் (கி.பி. 797) மறைந்த அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களின் 'கிதாபுஸ் ஸுஹ்த்'. நம் நாட்டு ஹதீஸ் அறிஞர் ஹபீபுர் ரஹ்மான் அஃழமீ பதிப்பிக்க, 1966-ல் மாலேகானிலிருந்து இந்நூல் வெளிவந்தது. நபிமொழிகளும் ஸஹாபாக்கள், தாபியீன்களின் கூற்றுகளும் நிறைந்த இந்நூல் உள்ளத்தை உருக்க வல்லது. அதன் எல்லையும் அதுவே. அது உள்ளத்தோடு பேசுகிறது. கடைவீதியில் நிற்பவனின் வரவு செலவோடு பேசுவதில்லை. ஓதுபவர் கண்ணீர் வடித்துவிட்டு, அந்த மனநிறைவோடே சந்தைக்குச் சென்றுவிட இயலும். ஆசிரியரின் வாழ்வையும் சேர்த்து ஓதினால்தான் நூல் முழுமை பெறுகிறது. மர்வு நகரத்தவரான அவர் பெரும் வணிகர். பற்றின்மையைப் போதிக்கும் நீங்கள் குராசானிலிருந்து சரக்குகளைக் கொண்டுவருகிறீர்களே என்று ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) வினவியபோது, தம் மானத்தைக் காக்கவும் இறைவனுக்கு வழிப்படுவதற்குத் துணையாகவுமே வணிகம் செய்வதாக அவர் விடையளித்தார் என்பது வரலாறு. எனவே ஸுஹ்து என்பது வறுமையன்று. பொருள் கையிலிருக்க, மனம் அதற்கு அடிமையாகாதிருத்தலாகும்.

இரண்டாவது, ஹி. 255-ல் மறைந்த ஜாஹிழின் 'கிதாபுல் புகலா'. கஞ்சர்களைப் பற்றிய இந்நூலில், பஸராவின் பள்ளிவாசலில் கூடிச் சிக்கனத்தின் பெருமை பேசும் ஒரு குழுவினர் வருகின்றனர். அவர்கள் போற்றும் மர்யம் என்னும் பெண், தன் மகளைப் பன்னிரண்டு வயதில் பொன்னும் வெள்ளியும் பட்டும் அணிவித்து மணமுடித்துக் கொடுக்கிறாள். இத்தனை பொருள் எங்கிருந்து வந்தது எனக் கணவன் திகைக்கிறான். மகள் பிறந்த நாள் முதல், மாவு பிசையும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைத்து, சேர்ந்ததை விற்றுவந்தாளாம்! ஜாஹிழ் நகைக்கிறார், பிழை எங்கே என்று சுட்டுவதில்லை. அதனை வாசகனே கண்டறிய வேண்டும். மர்யம் கடன்படவில்லை; அவ்வகையில் அவள் நம்மினும் மேலானவள். ஆயினும் சம்பந்தி வீட்டார் கண்ணில் மகளின் மதிப்பை உயர்த்துவதே அவள் நோக்கம். சிக்கனம் அவள் வழி. ஆடம்பரமே அவள் இலக்கு. இதனை ஸுஹ்து என்று கூறுவதற்கில்லை.

மூன்றாவது, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் அஷ்ஷைபானீ (மறைவு ஹி. 189) இயற்றிய 'கிதாபுல் கஸ்ப்'. ஸரக்ஸீயின் 'மப்ஸூத்'தில் விரிவுரையோடு இது நமக்குக் கிடைக்கிறது. முன்னிரு நூல்களும் தொடாத கணக்கை இந்நூல் தொடுகிறது. பொருளீட்டுதல் கடமை என்கிறது. பட்ட கடனை அடைப்பதற்காக உழைப்பதையும் கடமையாக்குகிறது. உணவில் வீண்விரயம் எது என வரையறுக்கையில், வயிறு நிறைந்தபின் உண்பதோடு, தேவையின்றிப் பலவகை உணவுகளைப் பரப்புவதையும் சேர்க்கிறது. விருந்தினரை அழைத்து உண்பிப்பதற்காக எனில் விலக்குண்டு என்றும் கூறுகிறது.

அந்த விலக்கில்தான் நாம் ஒளிந்துகொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் தங்கையின் நிகாஹுக்காக வந்தார். "வட்டிக்கு வாங்கலாமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். கூடாது என்றோம். "அப்படியானால் என்ன செய்வது?" என்றார். நம்மிடம் விடையில்லை. நிகாஹ் நடந்தது. எளிமையைப் பற்றி நாமே உரையாற்றினோம். பின்னர்ப் பந்தியில் அமர்ந்து பலவகை உணவையும் உண்டோம். அவ்விருந்தும் கைக்கூலியும் வட்டிக்கடனில் வந்தவை எனப் பிறகே அறிந்தோம். கடனை அடைக்கும் கடமையைப் பேசும் அதே நூலின் விலக்கு, கடன்பட்டு இடும் விருந்துக்கு எவ்வாறு நிழலாகும்?

இன்றைய சந்தை மர்யமின் பொறுமையையும் கேட்பதில்லை. இன்றே எடுத்துச் செல்க, மாதந்தோறும் செலுத்துக என்கிறது. வட்டியில்லாத் தவணை என்ற பெயரைக் கேட்டு நம்மவரும் மன அமைதி கொள்கின்றனர். வட்டியில்லாத் தவணை என்ற ஒன்றே இல்லை, கடன் அட்டைத் திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமாக மறைக்கப்படுகிறது என்று 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது. நாம் மிம்பரில் கூறியிருக்க வேண்டியதை வங்கியின் சுற்றறிக்கை கூறியது.

கடனாளியாக இறந்தவருக்கு, அபூகதாதா (ரலி) கடனைப் பொறுப்பேற்கும்வரை நபி (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தவில்லை என்பதை நாம் எச்சரிக்கையாகச் சொல்கிறோம். பின்னாளில் வசதி வந்தபோது, இறந்தோரின் கடனைத் தாமே ஏற்பதாக அவர்கள் அறிவித்ததை அதே குரலில் சொல்வதில்லை. ஸகாத் பெறுவோர் எண்மரில் கடனாளியையும் குர்ஆன் (9:60) சேர்த்திருக்கிறது. நம் மஹல்லாக்களின் பைத்துல் மாலில் அவருக்கென ஒரு பக்கம் உண்டா?

ரக்காவில் தமக்குப் பணிவிடை செய்துவந்த இளைஞன் பத்தாயிரம் திர்ஹம் கடனுக்காகச் சிறையிலிருப்பதை அறிந்த இப்னுல் முபாரக் (ரஹ்), கடன் கொடுத்தவரை இரவில் அழைத்துத் தொகையை எண்ணிக் கொடுத்தார். தாம் உயிரோடிருக்கும்வரை யாரிடமும் கூறலாகாது எனச் சத்தியம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டும் புறப்பட்டார். கொடுத்தவர் யார் என்பது அவர் மறைவுக்குப் பின்னரே இளைஞனுக்குத் தெரிந்தது. அவருடைய நூலை இந்நிகழ்ச்சியோடும், இமாம் ஷைபானீயின் நூலோடும் இணைத்தே நம் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்க வேண்டும். அதற்கு முன்னர், அம்மாணவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நாம் விடை தேடியாக வேண்டும். அவருடைய தவணைகள் இன்னும் முடியவில்லை.